பத்து மணி முதல் ஐந்து மணி வரை

ராயபுரத்தில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியில் இருந்தார் குரு. பெயர் சிவநேசன், வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு நாற்பத்தொன்பது. தன்னைவிடச் சின்னவரைச் சாமி என்று கூப்பிடத் தணிகாசலம் கூச்சப்படவில்லை. கூச்சப்படுகிற நிலைமையில் அவர் இல்லை என்பதுதான் சரி.

மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம். எட்டு வயது மகள் அமுதினி தாயோடு இருந்தாள். ஞாயிறுதோறும் பத்து மணி முதல் ஐந்து மணி வரை தகப்பனிடம் விடச் சொல்லியிருந்தது கோர்ட். இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அப்பாவோடு போகப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னதாம். அடுத்த மாதம் நீதிபதி அவளையே கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்.

"என் கையில காசு இல்ல சாமி. மால், சினிமான்னு கூட்டிட்டுப் போக முடியல. அதான் பிள்ளைக்குச் சலிச்சுப்போச்சு," என்றார் தணிகாசலம்.

"எங்கெல்லாம் போனீங்க?"

"எழும்பூர் மியூசியம் போனோம். பறக்கும் ரயில்ல வேளச்சேரி வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பினோம். கிண்டியில மான் பாத்தோம். திரிசூலம் ஸ்டேஷன்ல உக்காந்து பிளேன் இறங்குறதைப் பாத்தோம்."

"எல்லாமே நல்ல இடமாச்சே."

"எங்கேயும் அவ சிரிக்கலையே சாமி! அதிகம் செலவில்லாம, பிள்ளை சிரிக்கிற மாதிரி இந்த ஊர்ல ஒரு இடம் சொல்லுங்க."

"வர்ற ஞாயிறு எங்க?" என்று கேட்டார் குரு.

"மறுபடியும் மெரினா."

"நானும் வரேன்."

ஞாயிறு, வெயில் கொஞ்சம் தணிந்து, மூன்று மணிக்கு மூவரும் கடற்கரையில் இருந்தார்கள். தணிகாசலம் மணலில் துண்டை விரித்தார். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்தார். அமுதினி அதைத் தொடாமல், கடலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கடலைப் பாக்காம இப்படி உக்காந்திருக்கியேம்மா?" என்றார் குரு.

"அப்பா முதல்ல கேள்வி கேப்பாரு. பதில் எல்லாம் சொல்லி முடிச்சாதான் விளையாட்டு."

சட்டைப் பையிலிருந்து எடுத்த சின்ன நோட்டைத் தணிகாசலம் அவசரமாக மூடினார். "வக்கீல் சொன்னாரு சாமி. வீட்டுக்கு யார் வர்றா, அவ அம்மா எத்தனை மணிக்கு வர்றா, பிள்ளைக்கு யார் சோறு போடுறா... தேதியோட குறிச்சு வச்சா கேஸுக்கு ஆகும்னு."

"மான் பாத்தப்பவும் கேட்டீங்களா?"

தணிகாசலம் நோட்டைச் சட்டைப் பைக்குள் திரும்பத் திணித்தார்.

"பிளேன் வந்தா மட்டும் நிறுத்துவாரு," என்றாள் அமுதினி. "அந்தச் சத்தத்துல நான் சொல்றது அவருக்குக் கேக்காதுல்ல."

பிறகு குருவைப் பார்த்து, "நீங்களும் கேப்பீங்களா மாமா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. தண்ணி சில்லுனு இருக்குமா?"

அவள் யோசித்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது.

"தெரியலையே மாமா. போன தடவை பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிளம்புற நேரமாயிடுச்சு."

"வா, பாத்துடலாம்."

குரு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்காலளவு தண்ணீரில் நின்றார். முதல் அலைக்கு அவள் பின்வாங்கினாள். இரண்டாவது அலைக்குக் கத்தினாள். நான்காவது அலை இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தாள். தணிகாசலம் மணலில் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருடமாகக் கேட்காத சிரிப்பு அது. அவருக்குக் கண் கலங்கியது.

சொட்டச் சொட்ட ஓடி வந்தவளைத் துண்டால் போர்த்தித் தலையைத் துவட்டினார். அவளும் அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் கண்ணு, போன வாரம் அந்த ஆளு வீட்டுக்கு வந்தானா?"

அமுதினி சிரிப்பை நிறுத்தினாள். அவர் கையிலிருந்து விலகி, ஈர உடையோடு மணலில், மறுபடியும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவை வந்தாருப்பா. செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை," என்று ஒப்பித்தாள். "அடுத்த கேள்வி கேளுங்க."

ஐந்து மணிக்குத் தாய் வீட்டுத் தெருமுனையில் அவளை விட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தணிகாசலம் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு, "சின்னப் பிள்ளை சாமி," என்றார். "அவ்வளவு பெரிய கோர்ட்டுல, நீதிபதி முன்னால நிறுத்திக் கேட்டா, அவளுக்குப் பதில் சொல்ல வருமா?"

"ஒரு ஞாயிறு விடாம பழக்கியிருக்கீங்களே," என்றார் குரு. "தெளிவா சொல்லிடுவா."