உமியில் இருந்த நீலம்

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்தொன்று.

அந்த வார்த்தைகளை இருவரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. பல்கலைக்கழகக் காகிதங்களில் ஒருவர் ஆய்வாளர், மற்றவர் நெறியாளர். நேரில் சீடர் 'மேடம்' என்பார். அந்த அம்மாள் 'சார்' என்பார். திருச்சிக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த மருந்தாய்வு நிலையத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

சீடரின் பெயர் வயிரவன். இருபத்திரண்டு வருஷம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "மாத்திரை வாய்க்குள்ள போற வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். அப்புறம் எங்க போகுதுன்னு கம்பெனியில யாருமே கேக்கல" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் டாக்டர் ஷாஹிதா பானு. புற்றுநோய் மருந்தைத் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள கொழுப்புத் துகளுக்குள் அடைப்பார். அதை ஊசியில் ஏற்றினால் உடம்பின் மற்ற இடங்களை விட்டுவிட்டுக் கட்டியைத் தேடிப் போகும். போகிறதா என்று பார்க்கத் துகளின் மேலுறையில் ஒரு நீலச் சாயம் பூசியிருக்கும். இருட்டறையில், தனிக் காமிராவின் கீழ், எலியின் விலாவில் வளர்ந்த கட்டி ஒரு சிறு விளக்கு மாதிரி ஒளிரும். பதினாறு வருஷத்துக்கு முன் அவருடைய சொந்த ஆய்வேட்டில் எழுதிய முறை அது. அதை வைத்துத்தான் அவருக்கு வேலை, பெயர், பிறகு பதவி உயர்வு எல்லாம்.

வயிரவன் அதே முறையில் ஐந்து வருஷம் உழைத்தார். தேர்வாளர்கள் இருவரின் அறிக்கையும் வந்துவிட்டது. இருவருமே அந்த ஒளிரும் படங்களைப் பாராட்டியிருந்தார்கள். வரும் வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அடுத்த மாதம் மகள் அழகம்மைக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'முனைவர் வயிரவன்' என்று அச்சாகி, நானூறு வீடுகளுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. பட்டம் வருவதற்குள் போடலாமா என்று அவர் தயங்கினார். சம்பந்தி வீட்டார்தான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை எலிகளைப் பார்த்துவிட்டு வரப் போனார். எலிக் கூண்டுகளைக் கவனிப்பவர் செங்கமலம். வயிரவனைவிட நான்கைந்து வயது சிறியவர்.

"வாங்கண்ணே. பத்திரிகையில டாக்டர்னு போட்டாச்சாமே. என் இருமலுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க."

"அந்த டாக்டர் இல்லம்மா இது."

"அப்ப எதுக்கு இந்த வயசுல இவ்வளவு பாடு?"

வயிரவன் சிரித்தார். செங்கமலம் ஒரு கூண்டிலிருந்து பழைய உமியை வாளியில் தட்டினார். எலிகளின் படுக்கைக்குப் போடுகிற உமி. அதில் ஆங்காங்கே திட்டுத்திட்டாக நீலம்.

"இது என்ன கமலம்?"

"முந்தாநாள் நீங்க ஊசி போட்ட எலிதாண்ணே. மூத்திரம்."

"நீலமாவா?"

"ஊசி போட்டா எப்பவும் இப்படித்தானே போவும். அஞ்சு வருஷமா நான்தானே அள்ளிக் கொட்டறேன்."

வயிரவன் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இரத்தத்தில் இருப்பது சிறுநீராக இறங்கச் சிறுநீரகத்தின் சல்லடையைத் தாண்ட வேண்டும். அதன் கண் அவருடைய துகளைவிடப் பத்து மடங்கு சின்னது. துகள் அதில் நுழையவே நுழையாது. நுழைவதென்றால் சாயம் மட்டும்தான் நுழையலாம். துகளை விட்டுப் பிரிந்து, தனியாக, தன் பாட்டுக்கு.

அப்படியானால் கட்டியில் ஒளிர்ந்தது எது?

"அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கு."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயே. நீங்க எலியைப் பாத்தீங்க, நான் உமியைப் பாத்தேன்."

---

ஷாஹிதா பானு அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"உப்புத் தண்ணியில மூணு நாள் வெச்சுப் பாத்தோமே மேடம். சாயம் பிரியலயே" என்றார் வயிரவன்.

"பிரியல."

"அப்ப இது எப்படி?"

"இரத்தம் உப்புத் தண்ணி இல்லயே சார். அதுல இருக்கிற புரதம் சாயத்தை உருவிடலாம்."

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்ம மருந்து கட்டிக்குப் போகுதா, போகலயா?"

ஷாஹிதா பானு மேசை இழுப்பறையைத் திறந்து இருட்டறைச் சாவியை எடுத்தார்.

"கட்டி இருக்கிற எலி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. துகள் வேணாம். மருந்து வேணாம். சாயத்தை மட்டும் ஊசியில ஏத்துங்க."

"சாயம் மட்டுமா?"

"மட்டும்."

ஐந்து வருஷத்தில் வயிரவன் செய்யாத சோதனை அது. வழிமுறைத் தாளில் அது இல்லை. தாள் பதினாறு வருஷத்துக்கு முன் எழுதியது. எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஊசி போட்டு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இருவரும் இருட்டறையில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. உள்ளே கறுப்புத் திரை, குளிர்சாதனத்தின் ஒரே சீரான முனகல், இயந்திரத்தின் முகப்பில் கடுகளவு சிவப்பு வெளிச்சம். வயிரவன் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

கனவில் அவர் மிகச் சிறியவராக இருந்தார். கையில் ஒரு மூட்டை. மேலே புத்தம்புது நீலச் சட்டை. வெதுவெதுப்பான ஆறு ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆற்றில் கூட்டம். சிவப்புத் தட்டுகள் உருண்டு உருண்டு வந்தன. யாருக்கும் அவசரமில்லை, யாரும் நிற்கவுமில்லை. இடித்தவர்கள் மன்னிப்புக் கேட்பதுபோல் விலகினார்கள். ஒவ்வோர் இடிக்கும் சட்டையின் ஒரு பொத்தான் அவிழ்ந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மூட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

ஏதோ ஒரு வளைவில் சட்டை தோளிலிருந்து நழுவியது. நழுவினது கீழே விழவில்லை. கைகளை வீசிக்கொண்டு, அவரைத் திரும்பியும் பார்க்காமல், ஆற்றோடு முன்னால் போனது. "ஏய், நில்லு" என்றார். குரல் வரவில்லை. தூரத்தில் ஒரு வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். கதவு ஓட்டையும் உடைசலுமாக இருந்தது. சட்டை அதில் சுலபமாக நுழைந்தது. உள்ளே ஆரவாரம் கேட்டது. யாரோ படம் பிடித்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். "வந்துட்டார், வந்துட்டார்" என்று சட்டையைப் பார்த்துச் சொன்னார்கள்.

அவரை ஆறு வேறு பக்கம் ஒதுக்கியது. விசாலமான, இருண்ட, மெத்தென்ற ஒரு மண்டபம். பொறுமையான காவலர்கள் வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப்போலவே மூட்டையோடு, சட்டையில்லாமல், லட்சம் பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

"கல்லீரல்" என்றார் அவர். "நீங்களும் கட்டிக்குத்தான் புறப்பட்டீங்களா?"

"ஆமா."

"நாங்களும்தான்."

"சார்" என்று ஷாஹிதா பானு தோளைத் தொட்டார். "நேரமாச்சு."

எலியை மயக்க வாயுவில் உறங்க வைத்துக் காமிராவின் கீழ் கிடத்தினார்கள். திரையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் எலியின் உருவம் எழுந்தது. பிறகு, விலாப்பக்கத்தில், மெல்லப் பூக்கிற மாதிரி அந்த வெளிச்சம்.

வயிரவன் அதை ஐந்து வருஷமாகப் பார்த்து வருகிறார். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பக்கத்தில் குனிவார். இந்த முறையும் குனிந்தார்.

ஷாஹிதா பானு படத்தைத் தாளில் அச்செடுத்தார். வயிரவனின் ஆய்வேட்டிலிருந்து பழைய படம் ஒன்றையும் அதே அளவில் எடுத்தார். இரண்டிலும் கீழே இருந்த பெயரையும் தேதியையும் கத்தரிக்கோலால் நறுக்கினார். மேசைக்குக் கீழே கொண்டுபோய் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே எடுத்து அவர் முன் வைத்தார்.

"இதுல எதுல சார் மருந்து இருக்கு?"

வயிரவன் ஒரு படத்தை எடுத்தார். வைத்தார். மற்றதை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரைக் கம்பெனியில் லட்சத்தில் ஒரு மாத்திரையின் ஓரம் உடைந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு.

"தெரியல மேடம்" என்றார் கடைசியில்.

"எனக்கும் தெரியல."



"உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்ததா?" என்று கேட்டார் வயிரவன். இதை எந்த மாணவனும் கேட்க முடியாது. ஐம்பத்து மூன்று வயது அவருக்கு அந்த ஒரு சலுகையைக் கொடுத்திருந்தது.

"தெரிஞ்சுக்க ஒரு பகல் போதும் சார், இப்ப பாத்தீங்கல்ல. பதினாறு வருஷத்துல எனக்கு அந்த ஒரு பகல் கிடைக்கல. முதல்ல கட்டுரை வரட்டும்னு இருந்தேன். அப்புறம் வேலை வரட்டும்னு. அப்புறம் உங்கள மாதிரி நாலு பேரோட பட்டம் முடியட்டும்னு."

வயிரவன் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"நானும் அப்படிச் செஞ்சா என்ன மேடம்? வியாழக்கிழமை முடியட்டும். அழகம்மை கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் நானே திருத்தம் எழுதி அனுப்பறேன். சத்தியமா அனுப்புவேன்."

"அனுப்பலாம்."

"தப்பில்லையே?"

"விதியில இடமிருக்கு."

"இப்பவே சொன்னா ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும்."

"மூணு வருஷம் ஆகும்."

"சம்பந்தி வீட்டுல கேப்பாங்க. பத்திரிகையில போட்டதைப் படிச்ச நானூறு வீட்டுக்காரங்களும் கேப்பாங்க. அந்தப் பொண்ணு மேடையில நிக்கும்போது அவ காதுல விழற மாதிரி பேசுவாங்க."

"பேசுவாங்க சார்."

"உங்களையும்தான் பேசுவாங்க. இது உங்க முறை. உங்க கட்டுரை ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்க. ஒண்ணு மிஞ்சாது."

"ஒண்ணு ரெண்டு மிஞ்சும்னு நினைக்கிறேன். எதுன்னு பாக்கணும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. கையில் மட்டும் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

உறங்கிக்கொண்டிருந்த எலி ஒருமுறை கால்களை உதறியது. வயிரவன் எழுந்துபோய் வாயுக் குழாயை மூடினார். எலியைத் துணியில் பொதிந்து கையில் வைத்துக்கொண்டார். அதன் சூடு உள்ளங்கையில் படர்ந்தது. விலாவில் கட்டி, வேர்க்கடலை அளவில், விரலுக்குக் கடினமாகத் தட்டுப்பட்டது. ஒளியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கட்டி சிறுத்ததா என்று அளப்பது வேறு ஒருவரின் ஆய்வு, வேறு ஓர் அத்தியாயம்.

"மேடம், நான் சொல்லாமலே விட்டுட்டா?" என்றார், எலியைப் பார்த்தபடி. "யாருக்குத் தெரியும்? கமலத்துக்கு இது என்னன்னே தெரியாது. நீங்க சொல்ல மாட்டீங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஆய்வேடு உங்களோடது."

"தேர்வாளங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே நல்லா எழுதிட்டாங்க."

"எழுதிட்டாங்க."

"அப்ப என்னதான் ஆகும்? வியாழக்கிழமை எல்லாரும் கை தட்டுவாங்க. அப்புறம்?"

ஷாஹிதா பானு கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"அப்புறம் ஒரு கம்பெனி இதை வாங்கும் சார். ஒரு நாள் ஒரு ஆஸ்பத்திரியில, கட்டி இருக்கிற ஒரு ஆளுக்கு இந்த ஊசியைப் போடுவாங்க. அவர் படம் கேக்க மாட்டார், குணம் கேப்பார்."

வயிரவன் எலியைக் கூண்டில் விட்டார். அது புது உமிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு மறைகிற வரை நின்றார். பிறகு மேசைக்கு வந்து, வியாழக்கிழமைக்கென்று அடுக்கி வைத்திருந்த கோப்பைத் திறந்து, முதல் பக்கமாக இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.