நாகரத்தினம் கேட்ட மலைச் சீத்தா

“சிஸ்டர், இந்த மூணுல எது?”

கேட் திறந்தும் திறக்காததுமாக மயில்வாகனன் கேட்டுவிட்டார். வணக்கம் சொல்லக்கூட மறந்துபோனது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக மேடேறியதில் மூச்சு வாங்கியது.

கூடைக்குள் மூன்று பழங்கள் இருந்தன.

சிஸ்டர் பிலோமினா கைமண்ணைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். தாண்டிக்குடி மலையில் அந்தக் கன்னியர் மடத்துத் தோட்டம் அவர் பொறுப்பு. வயது நாற்பதுதான். சீத்தா வகையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் அனுப்புவார்கள். அதிகம் பேச மாட்டார் என்பதையும் சொல்லியே அனுப்புவார்கள்.

“கண்ணு கண்ணாப் பிரிஞ்சு நிக்கிறது நாட்டுச் சீத்தா. செவந்து வலை விழுந்தது ராம்சீத்தா. மூணாவது முள்சீத்தா.”

“இதுல மலைச் சீத்தா எது?”

“எதுவும் இல்ல.”

மயில்வாகனனின் முகம் மலர்ந்தது.

“அப்ப அது வேற. அப்படி ஒண்ணு நெசமாவே இருக்குது.”

மயில்வாகனனுக்கு ஐம்பத்தாறு வயது. ஒட்டன்சத்திரத்தில் பழமண்டி. வாழைத்தாரை ஒரு தொடு தொட்டால் என்றைக்குப் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்ன நாளில் பழுக்கும். சந்தையில் அவர் கைக்குத் தனி மரியாதை.

ஐப்பசியில் அவர் மனைவி நாகரத்தினத்துக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரத்தில் காய்ச்சல் போனது. போன பசி மட்டும் திரும்பவில்லை. இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

“மருந்து முடிஞ்சுது. இனிமே சோறுதான் மருந்து. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா மறுபடி ஆஸ்பத்திரியில சேக்கணும்” என்றார் டாக்டர்.

என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று அவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஒரு நாளில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

“மலைச் சீத்தா.”

அது போதும் என்று கிளம்பியவர்தான். சந்தையில் இருந்த சீத்தா எல்லாவற்றையும் வாங்கி வந்து நீட்டினார். எல்லாவற்றுக்கும் அவள் இது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். அதன் பிறகுதான் இந்த மலை.

சிஸ்டர் அவரைத் தோட்டத்தின் மேல்கோடிக்குக் கூட்டிப்போனார். ஒரு மரத்தடியில் நின்று இலை ஒன்றைப் பறித்தார். அதன் அடிப்பக்கத்தை மயில்வாகனனின் புறங்கையில் வைத்து இழுத்தார்.

வெல்வெட் துணி போல இருந்தது.

“நாட்டுச் சீத்தா இலை இப்படி இருக்காது” என்றார் சிஸ்டர்.

பிறகு மேலே காட்டினார்.

இளம்பச்சையில் ஒரு பழம். கண்கள் பிதுங்கவில்லை. ஈரக் களிமண்ணில் யாரோ கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்ததுபோல உடம்பெல்லாம் குழிகள்.

“செரிமோயான்னு பேரு. இங்க கூலிக்கு வர்றவங்க மலைச் சீத்தாம்பாங்க.”

மயில்வாகனன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். மண்டிக்காரரின் கை தானாகவே நீண்டு, இருப்பதிலேயே பெரிய, கரும்பச்சைக் காயைப் பிடித்தது.

சிஸ்டர் அந்தக் கையை ஒற்றை விரலால் ஒதுக்கினார். நிறம் வெளுத்து, குழிகள் ஆழம் குறைந்து வந்த மூன்றைக் காம்போடு நறுக்கித் தந்தார்.

“கல்லு மாதிரி இருக்குதே சிஸ்டர்?”

“மரத்துலயே விட்டா வெடிச்சு விழுந்துரும். வீட்டுலதான் பழுக்கும்.”

“எத்தன நாள்ல?”

“அது சொல்லும்.”

“எப்படிச் சொல்லும்?”

சிஸ்டர் எடை போடும் அறையைக் காட்டினார். கேட்டைச் சாத்தும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

“கொட்டையைக் கடிச்சிற வேண்டாம். நஞ்சு.”

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க, மயில்வாகனன் பையை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலேயே அது என்ன பழம், யாருக்கு, எப்படிக் கண்டுபிடித்தார் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றை எடுத்து மனைவியின் கண்ணெதிரே பிடித்தார்.

“இதுதானே ரத்தினம்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஏதோ அசைந்தது. “இதுதான்” என்றாள்.

மயில்வாகனனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் பழத்தை வைக்கோலில் வைத்தார். மணிக்கொருதரம் எடுத்து அமுக்கிப் பார்த்தார். இரண்டாவதைப் பூவன் வாழைச் சீப்போடு சேர்த்து அரிசிப் பானையில் புதைத்தார். அதையும் தோண்டித் தோண்டிப் பார்த்தார். மூன்றாவதையாவது கெடாமல் காப்போம் என்று பிரிட்ஜில் வைத்தார்.

நாகரத்தினம் கட்டிலில் படுத்தபடி அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நீ பேசாமப் படு. எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முதல் பழத்தில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. பிரிட்ஜில் இருந்தது தோல் முழுக்கக் கறுத்து, கல்லாகவே இருந்தது. அரிசிப் பானையில் இருந்ததை, கை சொன்னதை நம்பி, அறுத்தார். உருளைக்கிழங்கை அறுத்ததுபோல இருந்தது. அதிலும் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார்.

அவள் துப்பவில்லை. மெதுவாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினார்.

“இருபத்தெட்டு வருசமா இந்தக் கை பொய் சொன்னதில்ல சிஸ்டர். உங்க பழம் ஏமாத்திருச்சு.”

சிஸ்டர் கறுத்த பழங்களைப் பார்த்தார். விரல் தடங்களை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பழம் யாருக்கு?”

“என் வீட்டுக்காரிக்கு.”

“அவங்க இதை முன்னாடி சாப்பிட்டிருக்காங்களா?”

“நல்லாக் கேட்டீங்க. கல்யாணத்துக்கு முந்தி நாலு வருசம் இந்த மலையிலதான் காப்பிப்பழம் பறிச்சா. அப்பச் சாப்பிட்டதுதான்.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

மயில்வாகனன் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்.

சிஸ்டர் மரத்திடம் போனார். இலைகளுக்குள் தேடித் தேடி, முற்றிய காய் ஒன்றை நறுக்கி வந்தார். மிச்சமெல்லாம் இன்னும் முற்றாதவை. மயில்வாகனன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

சிஸ்டர் அந்தக் கைகளைத் தாண்டிப் போய்ப் பழத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

“முடிச்சை அவங்க அவுக்கட்டும்.”

“அப்ப நான் என்ன செய்யறது?”

சிஸ்டர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மயில்வாகனன் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“நீயே பாத்துக்க ரத்தினம். எனக்கு இது தெரியல.”

அவள் வெகுநேரம் பையையே பார்த்தாள். பிறகு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் முடிச்சை அவிழ்த்து முடித்ததும் இளைப்பாறினாள். இரண்டாவதை அவிழ்க்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் மயில்வாகனன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் பழத்தைத் தலைமாட்டு ஸ்டூலில், காம்பு மேலே இருக்கும்படி வைத்தாள்.

மறுநாள் அதைத் தொடவில்லை. பார்த்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவர் மண்டியிலிருந்து வந்தபோது பழம் ஸ்டூலில் இல்லை. பதறிப்போனார்.

“ஜன்னல்ல வெயில் அடிச்சுது. அலமாரியில வச்சிருக்கேன்” என்றாள்.

அலமாரி எட்டடி தூரத்தில் இருந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த வெறுந்தரையை அவர் நின்று பார்த்தார்.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வந்து மோந்து பாருங்க. அந்த மலையில எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம். கூடக் காப்பிப்பழம் பறிச்ச மங்காத்தாவும் நானும் பழத்தைச் சாக்குக்கு அடியில ஒளிச்சு வப்போம். அவளுக்குப் பொறுக்காது, பாதியிலயே அறுத்துருவா.”

இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. மயில்வாகனன் அடுக்களைக்கு ஓடினார். கத்தி, தட்டு, ஸ்பூன், கொட்டை போட ஒரு கிண்ணம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார்.

நாகரத்தினம் பழத்தை உள்ளங்கையில் ஏந்தினாள். காம்பருகே கட்டைவிரலை வைத்தாள். அமுக்கவில்லை, வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மயில்வாகனன் கத்தியைத் தயாராகப் பிடித்தார்.

“இன்னும் இல்லீங்க. நாளைக்கு.”

கத்தி தட்டில் விழுந்து சத்தம் போட்டது.

அவள் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுவரைக்கும் வெறும் வயித்தோடவா இருக்கறது? அடுப்புல என்ன இருக்குது?”