சாந்தாமணியின் டேப்கள்

ஊரார் பயன்படுத்தும் பிரவுசரில் அடுத்த மாதம் என்ன மாறப்போகிறது என்பது கனகசபைக்கு இன்றே தெரியும். அதைச் சொன்னால் கேட்பதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

கோவையில் ஒரு பிரவுசர் கம்பெனியில் அவர் சோதனையாளர். ஐம்பது வயதில் சேர்ந்த புதுப் பிள்ளை. காலையில் வந்ததும் புதிதாக ஒரு சோதனைப் பதிப்பு காத்திருக்கும். அதில் நேற்று இல்லாத வசதி ஒன்று இருக்கும், நேற்று இருந்தது ஒன்று காணாமல் போயிருக்கும். எது ஊருக்குப் போகும், எது பாதி வழியில் செத்துப்போகும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று அவர் கருத்து எழுத வேண்டும்.

அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் தமயந்தி. அவரைவிட இருபது வயது இளையவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதையெல்லாம் கணினி அவள் காதில் வாசிக்கும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரத்தில். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல், அவளுக்குப் பேச்சு. "நான் அம்மணிகிட்டப் படிச்சவன்" என்று சொல்லிக்கொள்வதில் கனகசபைக்கு ஒரு பெருமை.

ஆனால் மதியம் அவள் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் போக மாட்டார். சாப்பாட்டு அறையில் எல்லோரும் டப்பாவைத் திறந்து ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்வார்கள். அங்கே ஹோட்டல் பார்சலோடு போய் உட்கார்ந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள். மனைவி சாந்தாமணி இறந்து இரண்டு வருடமாக அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தன் இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்து, திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிடுவார்.

அந்த மாதம் ஒரு புது வசதி வந்தது. நெடுநாள் யாரும் பார்க்காமல் திறந்தே கிடக்கும் டேப்களை, அதாவது திரையின் மேல் வரிசையில் நிற்கும் பக்கங்களை, பிரவுசர் தானாகவே மூடிவிடும். அதைச் சோதிக்கப் பழைய டேப்கள் வேண்டும். ஆபீசில் ஒருவரிடமும் இல்லை. அங்கே தினமும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் காலிப் பிரவுசரில்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

கனகசபையின் வீட்டில் இருந்தன. சாந்தாமணியின் லேப்டாப்பில், கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் விட்டுப்போனபடியே இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. தொட்டால் பக்கம் புதிதாக ஏறிக்கொள்ளும், அவள் பார்த்தது மாறிவிடும் என்று பயம். எப்போதாவது லேப்டாப்பைத் திறந்து, மேலே பெயர்கூடத் தெரியாதபடி நெருக்கியடித்து நிற்கும் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அவ்வளவுதான் அவருக்கு வீட்டில் துணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பில் சோதனைப் பதிப்பைப் போட்டார். முதலில் நகல் எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வசதி வேலை செய்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துவிட்டார். வசதி நன்றாகவே வேலை செய்தது. வரிசை காலியானது. பழைய பதிப்பைப் போட்டார். 'இது புதிய பதிப்பில் திறக்கப்பட்டது' என்று சொல்லி அது திறக்க மறுத்துவிட்டது.

திங்கட்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தமயந்தியிடம் வந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும். புதுப் பதிப்புல தொறந்ததைப் பழைய பதிப்புல மறுபடி தொறக்க வழி இருக்குதா?"

"நகல் எடுத்தீங்களா சார்?"

"இல்லீங்க."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. நான் சொல்லக் கூடாது" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கும் சத்தம் வரவில்லை. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"யாரோடதுங்க சார்?"

"சாந்தாமணியோடது."

"திரும்பிப் போக வழி இல்லீங்க சார்" என்றாள் தமயந்தி.

"அப்ப இந்த வசதி ஊருக்குப் போகக் கூடாது. வேண்டாம்னு எழுதிட்டேன். சாயந்திரம் அனுப்பிருவேன். இன்னும் எத்தனை பேர் வீட்டுல இப்படி இருக்குதோ."

"அனுப்புங்க. எதையெல்லாம் மூடுச்சுன்னு எழுதுனீங்களா?"

"எல்லாத்தையும்தான்."

"எல்லாம்னா? என்னென்ன பக்கம்?"

இரண்டு வருடம் காவல் இருந்த கனகசபைக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது.

"நான் பார்க்கலீங்க. தொட்டா மாறிப்போயிருமோன்னு..."

"யாரும் பார்க்காததைத்தானுங்களே சார் அது மூடும்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

தமயந்தி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். சோதனைப் பதிப்பையே மறுபடி திறந்து, வாசிக்கும் குரலை முடுக்கினாள். இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் வைத்து, இன்னொன்றை அவர் பக்கம் நீட்டினாள். பக்கங்கள் போனாலும், மூடிய டேப்களின் பெயர்கள் மட்டும் அவர் பார்க்காத ஒரு மூலையில் பட்டியலாகக் கிடந்தன. குரல் தடதடவென்று ஓடியது. அவருக்குப் பிடிபடவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள், அவளுக்குத் தூக்கம் வரும் அளவுக்குக் குறைத்தாள்.

ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் வாசித்தது.

"மருதமலை பஸ் நேரம்."

"குறட்டை நிற்க என்ன செய்யலாம்."

கனகசபைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"மருந்துக்குப் பிறகு முடி திரும்ப வளருமா."

"குக்கரில் ஒருவருக்கு மட்டும் சாதம் வைப்பது எப்படி."

அந்த வீட்டில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

"ஒருவருக்கு மட்டும் ரசம்."

"சமையலே தெரியாத ஆண்களுக்கு எளிய குழம்பு."

"ஒருவருக்கு உப்புமா, ரவை எவ்வளவு."

பட்டியல் முடியும்வரை பெரும்பாலும் அதேதான். கனகசபை இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேசையில் அவருடைய மதியப் பார்சல் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. சாப்பாட்டு அறையிலிருந்து யாரோ தமயந்தியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் பார்சலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மணி, இந்த வசதியைப் பத்தி நான் என்னன்னு எழுதட்டும்?"

தமயந்தி லேப்டாப்பை மூடாமல் அப்படியே அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு டப்பாவோட வாங்க சார். அப்புறம் எழுதலாம்."