பஞ்சு மெத்தை சுற்றிய முரசு

சீன தேசத்தில் முன்னொரு காலத்தில் கெங்லின் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மத்தியானத் தூக்கத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

கை வைத்தது அரண்மனை வாசல் முரசு. நியாயம் கேட்டு யார் வேண்டுமானாலும் வந்து அதை அடிக்கலாம். சத்தம் கேட்டால் ராஜாவே எழுந்து வந்து விசாரிக்க வேண்டும். முப்பாட்டன் போட்ட வழக்கம், முரசை எடுக்கவும் முடியாது.

"எடுக்க வேண்டாம் மகாராஜா. ஒரு பஞ்சு மெத்தையைச் சுற்றிவிடலாம்," என்றான் பெங் கூ. சபையில் தலையாட்டியே வயிறு வளர்த்த ஆசாமி அவன்.

சுற்றினார்கள். அவிழ்ப்பவன் தலை இருக்காது என்று ஆணையும் போட்டாயிற்று. ராஜா சுகமாகக் குறட்டை விட்டார். "பார்த்தீரா, நாட்டில் ஒருத்தருக்கும் குறையே இல்லை," என்று மந்திரி தாவ் ஷென்னிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார். எதிர்த்துப் பேசினால் ராஜா வீம்பு பிடிப்பார் என்று மந்திரிக்குத் தெரியும். சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

ஒருநாள் காலையில் லியூ என்ற நெசவுக்காரி முரசை அடித்து அடித்துக் கை வீங்கி நின்றாள். செய்யாத திருட்டுக்கு அவள் புருஷனைப் பிடித்துப் போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் அவன் தலை போய்விடும்.

"எவ்வளவு அடிச்சாலும் சத்தம் வரமாட்டேங்குது ஐயா," என்று அந்தப் பக்கம் வந்த மந்திரியிடம் அழுதாள்.

"இங்கேயே இரு அம்மா. ராஜா தானே வருவார்," என்று சொல்லிவிட்டு மந்திரி நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

அந்த அரண்மனையில் ராஜா சாப்பிட உட்கார்ந்ததும் வெண்கல மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் சமையற்காரர்கள் பாத்திரத்தைத் தூக்குவார்கள். அதுவும் முப்பாட்டன் வழக்கம்தான்.

மத்தியானம் ராஜா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டைக் காணோம்.

"மணி அடித்தார்களா இல்லையா?"

"அடித்தார்கள் மகாராஜா. மெத்தை சுற்றியிருக்கிறது, அதனால் கேட்கவில்லை," என்றார் தாவ் ஷென்.

"மணிக்கு எவன் மெத்தை சுற்றினான்?"

"நான்தான்."

"உமக்கென்ன பைத்தியமா? எனக்குக் குடல் காய்கிறது."

"இருக்காது மகாராஜா. முரசுச் சத்தம் கேட்கவில்லை என்றால் நாட்டில் யாருக்கும் குறை இல்லை. மணிச் சத்தம் கேட்கவில்லை என்றால் அரண்மனையில் யாருக்கும் பசி இல்லை. சமையற்காரர்கள் அப்படி நினைத்துத்தான் அடுப்பை அணைத்துவிட்டார்கள்."

ராஜா முறைத்தார். வயிறு கடமுடா என்றது. மெல்ல எழுந்தார். வாசலுக்குப் போய்த் தன் கையாலேயே மெத்தையை அவிழ்த்தார். லியூவை அடிக்கச் சொல்லி, அவள் வழக்கைக் கேட்டார். அவள் புருஷன் அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டான். அதற்கப்புறம்தான் ராஜா சாப்பிட்டார்.

வயிறு நிறைந்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தங்க மோதிரத்தைக் கழற்றித் தாவ் ஷென் விரலில் மாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெங் கூ குழைந்துகொண்டு வந்தான்.

"மகாராஜா, அவிழ்த்த மெத்தையை என்ன செய்யட்டும்?"

"உன் வாயில் சுற்றிக்கொள்," என்றார் ராஜா. "சத்தம் கேட்காவிட்டால், என் சபையில் மடையனே இல்லை என்று நானும் நிம்மதியாகத் தூங்குவேன்."