பன்னிரண்டாவது குச்சி

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கப்பல் வடம் பிடித்தவர் மாசிலாமணி. கையில் ஏறிய கயிறு ஒருநாளும் தன் கையை விட்டு நழுவியதில்லை என்பது அவருடைய பெருமை. சாதாரணப் பெருமை இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு கஷ்டம் வந்தது. எங்கே போய் நின்றாலும் யாராவது ஓடிவந்து நாற்காலி போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார்கள். மரியாதைக்குத்தான் செய்தார்கள். ஆனாலும் அந்த நாற்காலியைப் பார்த்தாலே மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

நாற்காலி இல்லாத இடம் தேடிப் போனவர்தான் ஜெனோவாவின் தரவைக்கு வந்து சேர்ந்தார்.

உப்பளத்துக்குப் பின்னால் மைல்கணக்கில் கிடக்கும் கட்டாந்தரை அது. அங்கே ஜெனோவா பட்டம் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகள் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. பாராசூட் துணியில் தைத்தது. நாலு கயிறு, இரண்டு கைப்பிடி. காற்று பிடித்தால் ஆளையே இழுக்கும். மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து அதைப் பிடித்தால் வண்டி மோட்டார் இல்லாமல் ஓடும்.

அவளுக்கு இருபத்தாறு வயது. மாசிலாமணி முதல் நாளிலிருந்தே அவளை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். கற்றுக்கொடுப்பவரிடம் வயது பார்க்கிற புத்தி அவருக்குக் கிடையாது. அந்த விஷயத்தில் மனுஷன் தங்கம்.

மற்ற விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கைப்பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு பட்டி போகும். காற்று மிஞ்சினால் கைப்பிடியை விட்டுவிட வேண்டும்; பட்டம் துவண்டு விழும், பட்டி அதைப் பறந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் சொன்னாளே என்று மாசிலாமணி பட்டியைக் கட்டிக்கொண்டார். கைப்பிடியை மட்டும் அவர் விட்டதே இல்லை.

ஆடி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலக்கும்போது ஜெனோவா வண்டியில் வடக்கே நாலு கிலோமீட்டர் ஓடி, பழைய உப்புக் கொட்டகையின் சுவரைத் தொட்டுத் திரும்புவாள். தயாரான மாணவர் இருந்தால் ஒருவரைக் கூடக் கூட்டிப் போவாள். அவர்தான் அந்த வருஷம் அவள் பக்கத்தில் நின்று புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். இரண்டு வருஷமாக அவள் தனியாகத்தான் ஓடினாள்.

அந்த இடம் மாசிலாமணிக்கு வேண்டும். ராத்தூக்கம் கெடுகிற அளவுக்கு வேண்டும். நாலு பேருக்கு முன்னால் நின்று வேலை செய்கிற ஆளாக மறுபடி ஒருதரம் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

வைகாசி பிறந்ததும் அவளிடம் போனார்.

"மாஸ்டர், என்கிட்ட அஞ்சு மீட்டர் பட்டம் ஒண்ணுதான் இருக்கு. ஆடிக்குள்ள ரெண்டாவது ஒண்ணு வாங்கணும். எட்டு வாங்கவா, மூணு வாங்கவா?"

பட்டத்தின் பரப்பை அப்படிச் சதுர மீட்டரில் சொல்வார்கள். பெரியது மெல்லிய காற்றுக்கு, சின்னது பலத்த காற்றுக்கு.

ஜெனோவா ஒரு நீல வாளியும் ஒரு சிவப்பு வாளியும் கொண்டுவந்து வைத்தாள்.

"காத்து பத்தாம நீங்க சும்மா இருந்தா நீல வாளியில ஒரு சிப்பி போடுங்க. காத்து மிஞ்சி சும்மா இருந்தா சிவப்புல ஒண்ணு போடுங்க. ஒரு மாசம் கழிச்சு கேளுங்க அண்ணாச்சி."

அதே மாதத்தில் தரவையில் குச்சிகள் முளைக்க ஆரம்பித்தன. மாசிலாமணி பட்டம் விடுகிற இடத்துக்குக் கிழக்கே, உடைமரப் புதரைப் பார்த்து, ஜெனோவா சவுக்குக் குச்சிகளை நட்டாள். ஒன்று முப்பது அடியில், ஒன்று ஐம்பது அடியில். எல்லாம் அவர் பலத்த காற்றில் பட்டம் விட்ட நாட்களில் நட்டவை. மற்ற மாணவர் யாருக்கும் குச்சி இல்லை.

மாசிலாமணி அதைக் கவனித்தார். உள்ளே குளிர்ந்தது. நீளம் தாண்டுகிறவன் தாண்டிய தூரத்துக்கு அடையாளம் வைப்பார்கள் அல்லவா, அப்படி மாஸ்டர் தனக்கு வைக்கிறாள் என்று முடிவு கட்டினார். சுடலையின் டீக்கடையில் போய்ச் சொன்னார்.

"எனக்கு மட்டும் குச்சி நடுதா. ஒம்பது ஆயிருச்சு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சாதனைக்குவே! வேற எதுக்கு?"

சுடலை அன்று அவருக்குச் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தான்.

மாதம் முடிந்தது. மாசிலாமணி இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். நீல வாளியில் பன்னிரண்டு சிப்பி கிடந்தது. சிவப்பு வாளி காலி.

"பாருங்க மாஸ்டர். காத்து மிஞ்சினதுன்னு ஒருநாள்கூட நான் சும்மா இருக்கல. பத்தாமத்தான் பன்னெண்டு நாள் இருந்தேன். அப்ப எட்டு மீட்டர்தானே?"

"அந்தக் குச்சியெல்லாம் எண்ணிட்டியளா?"

"பதினொண்ணு," என்றார் சட்டென்று. அவருக்கா தெரியாது!

"எதுக்கு நட்டேன்னு தெரியுமா?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "நீங்களே சொல்லுங்க. நம்ம வாயால எப்படிச் சொல்லிக்கிடுதது?"

"காத்து உங்கள இழுத்துட்டுப் போய்ப் போட்ட இடம் அண்ணாச்சி."

மாசிலாமணி சிரிப்பை உடனே எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கிழக்கே நடந்தார். ஒவ்வொரு குச்சிக்கும் போகிற வழியில் தரையில் இரண்டு கோடுகள் இருந்தன. அவருடைய குதிகால் உழுத கோடுகள். பதினோராவது குச்சி உடைமரப் புதருக்குள்ளேயே நின்றது. அன்று வேட்டியில் தைத்த முள்ளை அவர் மனைவி அரைமணி நேரம் உட்கார்ந்து எடுத்தாள். அதையும் அவர் ஊரெல்லாம் பெருமையாகத்தான் சொல்லியிருந்தார்.

திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"பதினோரு நாளும் கத்தினேன். காத்துல கேக்கல போலிருக்கு."

கேட்டது என்று அவருக்குத் தெரியும். வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் அவர் தரவைப் பக்கம் வரவில்லை. போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பதினோராம் நாள் ஒரு சின்னப் பையோடு வந்து நின்றார்.

"மூணு மீட்டர்," என்றார்.

"நாலு வாங்கியிருக்கலாமே?"

"நாலு அஞ்சுக்குப் பக்கத்துல இருக்கு மாஸ்டர். அஞ்ச எடுக்க முடியாத காத்துல அதையும் எடுக்க முடியாது. ரெண்டு பட்டம் இருந்தும் சும்மாதான் இருக்கணும்."

"அப்ப எட்டு?"

"மெல்லிசுக் காத்தடிச்சா கயித்துச் சிக்கல் எடுத்துட்டு இருக்கேன். அதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

ஜெனோவா அந்தப் பையை வாங்கிப் பார்த்தாள். "ஆடிக்கு வாங்க," என்றாள்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காற்று வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் முண்டாசை இறுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். தொண்ணூறு கிலோ மாசிலாமணி கைக்குட்டை மாதிரி ஒரு பட்டத்தை விரித்ததும் சிரிப்பு எழுந்தது.

"அண்ணாச்சி, பேரப்பிள்ளைக்குள்ளத எடுத்துட்டு வந்துட்டியளா?" என்றான் சுடலை.

பழைய மாசிலாமணி என்றால் அங்கேயே சண்டைதான். அவருக்குக் காது மடல் சுட்டது, அது உண்மை. ஆனால் பக்கத்தில் ஜெனோவா தன் பட்டத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அது அதைவிடச் சின்னது. இரண்டு மீட்டர். மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. அந்தக் கரையிலேயே கெட்டிக்காரி அவள்தான் என்று சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். சிரிப்பு தானாக அடங்கியது.

பட்டங்கள் ஏறின. வண்டிகள் கிளம்பின.

இழுத்தது பட்டம்தான், ஆனால் போக்கு மாசிலாமணியுடையது. திருப்பினால் திரும்பியது, தணித்தால் தணிந்தது. இத்தனை நாள் தான் விட்டது பட்டமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கூவினார். ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. கொட்டகையின் ஓட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது மேற்கே புழுதி எழுந்தது. தரவையின் அகலத்துக்கு ஒரு சிவப்புச் சுவர் நகர்ந்து வந்தது. வண்டியின் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

கொட்டகைக்கு இருநூறு அடிதான் பாக்கி. பிடித்தால் போய்விடலாம். முப்பத்து நான்கு வருஷம் பிடித்த கை அது. விரல்கள் தாமாகவே இறுகின.

மாசிலாமணி கைப்பிடிகளை விட்டார்.

பட்டம் துவண்டு தரையில் விழுந்தது. வண்டி நின்றது. புழுதி அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புழுதிக்கு முன்பே சுவரைத் தொட்டுவிட்ட ஜெனோவா, பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு, வண்டியை இழுத்தபடி நடந்து வந்தாள். வண்டியிலிருந்து ஒரு சவுக்குக் குச்சியை எடுத்தாள். அவர் நின்ற இடத்தில் குத்தி நட்டாள்.

"பன்னெண்டா மாஸ்டர்?" என்றார் அவர்.

"கோடு இருக்கா பாருங்க."

அவர் கிழக்கே பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது. குதிகால் தடம் இல்லை. குச்சிக்குப் பக்கத்தில் அவருடைய மூன்று சக்கரங்களும் நேராக நின்றன.

காற்று அடங்காததால் இருவரும் வண்டிகளை இழுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டரும் நடந்தே திரும்பினார்கள். சுவரைத் தொடவில்லையே என்ற நினைப்பு ஒவ்வோர் அடிக்கும் மாசிலாமணிக்கு வந்தது. அதோடு கூடவே, அந்தக் கோடில்லாத தரையும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கிளம்பிய இடத்தில் கூட்டம் காத்திருந்தது. சுடலை நாற்காலியோடு ஓடிவந்து போட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி. வயசான காலத்துல இம்புட்டுத் தூரம்."

மாசிலாமணி அந்த நாற்காலியைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று எண்ணி உட்காரப் போனார்.

அதற்குள் ஜெனோவா அதை இழுத்துப் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். காலை நீட்டிச் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"கால் வலிக்கி," என்றாள்.

அவர் நின்றார். உப்பளத்துக் கூட்டம் முழுதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், நான் சுவரத் தொடல."

"பாத்தேன்."

"கையில எடுத்த கயித்த நான் விட்டதே இல்ல. இன்னிக்கு விட்டுட்டேன்."

ஜெனோவா மணிக்கட்டிலிருந்த பட்டியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல புதுசா மூணு பேர் வாறாங்க அண்ணாச்சி. நீங்க நின்னு சொல்லிக்குடுங்க. முதல் பாடம், விடுதது."