பச்சைக்கல் சுமந்த பகல்

மடத்துப் பள்ளியில் ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அதைக் கேட்டு வந்த பிள்ளையோ வாயைத் திறக்கவில்லை.

ராக்கு. ஐந்து வயது. ஆற்றோரச் செங்கல் சூளையில் கல் சுமக்கும் வீராயியின் மகள். மூத்த சீடர் நல்லசிவம் தட்டில் பத்துப் பொருள்களை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பெயர் கேட்டார். இவளுக்கு முன் வந்த அரிசி ஆலைக்காரர் பேரன் மடமடவென்று சொல்லி முடித்த அதே பத்து. இவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மந்தம், ஆசானே. பிறவி அப்படி” என்றார் நல்லசிவம். “இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.”

முன்வினை பற்றி ஏட்டில் நிறையப் படித்தவர் அவர். சூளையை எட்டிப் பார்த்ததில்லை.

“நாளைப் பொழுது சாய்வதற்குள் இவளுக்குப் பத்துச் சொல் கற்றுக்கொடு. முடியாவிட்டால் உன் பேச்சுப்படியே செய்வோம்” என்றார் ஆசான்.

“பத்துத்தானே!”

“இவள் அம்மாவின் வேலையைச் செய்துகொண்டே கற்றுக்கொடுக்க வேண்டும். அவளுக்கு நாளை ஓய்வு.”

மறுநாள் விடிந்ததும் சூளையில் நல்லசிவத்தின் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் இன்னும் சுடாத எட்டுப் பச்சைக்கல்லை அடுக்கினார்கள்.

“கழுத்து சுளுக்கிக்கிட்டா மந்திரம் போட்டு எடுத்துக்குவீகளா சாமி?” என்றான் மேஸ்திரி.

“ராக்கு, இதோ பார், இது…” என்று ஆரம்பித்தார் நல்லசிவம். மேல்கல் நழுவி விழுந்து நொறுங்கியது.

“சொல்லுக்கு ஒரு கல்லு ஒடச்சா, சூளைய மூடிட்டு நாங்களும் மடத்துக்கு வந்துர வேண்டியதுதான்!”

வீராயி ஓடிவந்தாள். “சுமக்கையில பேசாதீக சாமி. மூச்சு போயிரும். இங்க யாரும் பேச மாட்டோம்.”

அவர் மறுபடி மறுபடி முயன்றார். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. உச்சிப்பொழுதுக்குள் முயற்சியையே விட்டுவிட்டார். கல், நடை, சூளை. மறுபடியும் கல்.

வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்ற வீராயி, கல் அடுக்கின் நிழலில் மகளோடு உட்கார்ந்தாள். ஒரு எறும்பைக் காட்டி என்னவோ சொன்னாள். ராக்கு என்னவோ கேட்டாள். நல்லசிவம் கடந்துபோகும்போதெல்லாம் பேச்சு நீண்டுகொண்டே இருந்தது. ஒருமுறை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பொழுது சாய்ந்தது. அவர் சும்மாட்டை இறக்கினார்.

“மண்ணெல்லாம் மூஞ்சில ஒழுகுது. சாமி செங்கல்லு மாதிரியே இருக்காக!” என்றாள் ராக்கு.

வீராயி கைகூப்பினாள். “நல்லாயிருக்கணும் சாமி. பெத்த நாள்லேருந்து இன்னைக்குத்தான் எம்புள்ளையோட உக்காந்து பேசுனேன்.”

 

மடத்துக்குத் திரும்பியதும் ஆசான் கேட்டார். “எத்தனை சொல்?”

“நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் அம்மா கொடுத்ததை எண்ண முடியவில்லை. இடம் ராக்குவுக்குத்தான், ஆசானே.”

“உனக்குப் பேச யார் கற்றுக்கொடுத்தது?”

“என் அம்மா. காலையிலிருந்து மாலைவரை என்னோடு பேசிக்கொண்டே இருப்பாள். எத்தனை கேள்வி கேட்டாலும் அலுத்ததே இல்லை. அவள் வயிற்றில் பிறக்க என்ன தவம் செய்தேனோ.”

“பெரிய வீடாயிற்றே. தண்ணீர் சுமந்தது, மாவாட்டியது, நெல் குத்தியது எல்லாம் யார்?”

“சடச்சி என்று ஒரு அம்மாள்.”

“அவளுக்குப் பிள்ளை?”

“ஒரு மகன். கொல்லையில் உட்கார்ந்திருப்பான். பேச மாட்டான். ஊமை என்று நினைத்…”

நல்லசிவம் எழுந்து, தன் ஊர் இருக்கும் திசை நோக்கி நின்றார். அம்மாவை நினைத்து ஒரு கும்பிடு. பிறகு, உடம்பு மடங்க, சடச்சிக்கு ஒரு கும்பிடு. கண்ணீர் முகத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

ஆசான் சொன்னார்:

“சீக்கிரம் படு. சூளையில் இன்னும் பதினாறு தாய்மார் இருக்கிறார்கள்.”