பைக்குத் திரும்பாத பந்துகள்

"கால் இருக்கு. நெஞ்சுதான் இல்ல."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த காவலர் சகாயராணியின் காதில் அது விழுந்தது. சொன்னவர் முத்தரசு, போலீஸ் ஓட்டக் குழுவுக்கு ஆள் எடுப்பவர். நானூறு மீட்டரில் கடைசி நூறு வந்தால் அவளுக்குக் கால் கல்லாகிவிடும். அதைத்தான் சொன்னார். சனிக்கிழமை கடைசித் தேர்வு.

அன்றிலிருந்து அவள் வெறி பிடித்தவள்போல் காலையிலும் மாலையிலும் ஓடினாள். ஓடி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் நாளுக்கு நாள் கூடியதே தவிர குறையவில்லை.

பயிற்சியாளர் பர்வீன் அவளைவிட எட்டு வயது இளையவள். உடலியங்கியல் படித்தவள். மைதானத்தில் எல்லாருக்கும் மாஸ்டர்.

"மாஸ்டர், ஒளிக்காமச் சொல்லுங்க. நெஞ்சு இல்லாமத்தான் கால் நிக்குதா?"

பர்வீன் டென்னிஸ் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கேலரியின் மேல்படிக்கு ஏறினாள். பையைக் கவிழ்த்தாள். நாற்பது பந்துகளும் துள்ளித் துள்ளி மைதானத்துக்குள் ஓடின.

"பொறுக்கிப் போடுங்கக்கா."

சகாயராணி பையை வாங்கிக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்கினாள். பாதிகூட ஆகவில்லை. பர்வீன் இறங்கி வந்து பையைப் பிடுங்கி மறுபடி கவிழ்த்தாள். பத்துப் பதினைந்துதான் விழுந்தன.

"என்னக்கா, இவ்வளவுதானா?"

"பொறுக்க விட்டாத்தானே மாஸ்டர்!"

"தசைக்குள்ளயும் இதே கூத்துதான். உள்ள இருக்கிற பையிலேருந்து கால்சியம் கொட்டினா தசை இறுகும். கொட்டுறதுக்குப் பெரிய பாடு இல்ல. திரும்ப அள்ளி உள்ள வைக்கத்தான் சத்து வேணும். களைச்ச கால்ல அள்ளுறது மெதுவாயிடும். இறுகினது சீக்கிரம் தளராது. அடுத்த தடவை கொட்டவும் கொஞ்சம்தான் இருக்கும்."

"அப்ப நெஞ்சு?"

"அதைச் சனிக்கிழமை பார்ப்போம். ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க."

இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தாள்.

சனிக்கிழமை ஓடி முடித்தபோது கால் கல்லாகவில்லை. முத்தரசு கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார்.

"குருட்டு அதிர்ஷ்டம்மா இது. நெஞ்சு இருந்தா இப்பவே இன்னொண்ணு ஓடிக் காட்டு. இல்லன்னா பேரை அடிச்சிடுவேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சகாயராணி பர்வீனைப் பார்த்தாள்.

"பந்து எத்தனைக்கா உள்ள வந்திருக்கு?" என்றாள் பர்வீன்.

"நாலோ அஞ்சோ, மாஸ்டர்."

முத்தரசு விசிலை வாயில் வைத்தார்.

சகாயராணி தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள். "ஓடுறேன். அரை மணி நேரம் ஆகும் சார்," என்றாள். ஷூ இரண்டையும் கழற்றிக் கோட்டின்மேல் வைத்தாள். அவர் விசில் ஊத ஊத, அங்கேயே மல்லாந்து படுத்துக் காலை நீட்டினாள்.